நாலு சுவருக்கு நாலு கலர்

"அந்தாண்ட திரும்பிக் குந்து."

அக்காவின் வீட்டுக்குள் நுழைந்த எல்லோருக்கும் முதலில் கிடைத்தது இந்த உத்தரவுதான். வா என்பதும், டீ குடிக்கிறாயா என்பதும் அதற்கு அப்புறம். வாசலில் நிற்பவரின் முகத்தை ஒரு தடவை பார்ப்பாள். எந்தச் சுவர் என்று முடிவு செய்வாள். பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் அந்தப் பக்கம் தள்ளுவாள். வந்தவர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, வந்த விஷயத்தைச் சொல்ல வேண்டும். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் ஒருவர்கூட இப்படித் திரும்பி உட்கார்ந்து கேள்வி கேட்டுவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நம்பியிருப்பேன்.

ராயபுரத்தில் கடலுக்கு இரண்டு தெரு உள்ளே, ஒரே கூரையின் கீழ் பதினோரு வீடுகள் வரிசையாக இருந்த சந்து அது. வீடு என்றால் பத்துக்குப் பத்தில் ஒரு அறை. ஒரு மூலையில் சமையல், மற்ற மூன்று மூலைகளில் மனிதர்கள். கடைசி அறையில் நான் ஒன்றரை வருஷம் இருந்தேன். இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரியில் கிளீனர், காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வேலை, எண்ணூரில் சாம்பல் அள்ளுகிற வேலை என்று போன இடத்தில் கிடைத்ததைச் செய்துகொண்டிருந்தேன். ஒரே இடத்தில் ஒன்றரை வருஷம் என்பது எனக்கு ரொம்ப அதிகம். பக்கத்து வீடு அக்காவுடையது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் தெரியவில்லை.

சந்துக்கே அக்காவான அவளுடைய பத்துக்குப் பத்தில் நாலு சுவருக்கு நாலு கலர். வாசலுக்கு எதிர்ச்சுவர் சாம்பல். இடது பக்கம் பச்சை. வாசல் இருந்த சுவர் மஞ்சள். வலது பக்கம் சிவப்பு. குங்குமச் சிவப்பு அல்ல, பழைய கூரை ஓடு போல மங்கின சிவப்பு. ரசித்துத் தேர்ந்தெடுத்தது ஒன்றுமில்லை. அவள் வீட்டுக்காரர் ஹார்பரில் கப்பலுக்குத் துரு தட்டிப் பெயிண்ட் அடிக்கும் ஆட்களில் ஒருவர். டப்பா அடியில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு போகலாம் என்று விட்டுவிடுவார்கள். கப்பலின் பக்கங்களுக்குச் சாம்பல், மேல்தளத்துக்குப் பச்சை, புகைபோக்கிக்கு மஞ்சள், தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பாகத்துக்குச் சிவப்பு. கப்பலில் இருந்தது வீட்டுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததிலிருந்து அக்கா ஒரு விஞ்ஞானத்தை உண்டாக்கிக்கொண்டாள். கப்பல்காரர்கள் வெளிர் ஊதா அடிக்கிறவர்களாக இருந்திருந்தால் அவள் விஞ்ஞானம் வேறு மாதிரி வளர்ந்திருக்கும்.

சாம்பல் அழுவதற்கு. பச்சை மறப்பதற்கு. மஞ்சள் கேட்பதற்கு, அதாவது பெண் கேட்க, சிபாரிசு கேட்க, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்க. சிவப்பு சண்டைக்கு.

தண்ணீர் லாரி வருகிற நாளில் சிவப்புச் சுவருக்குத்தான் கிராக்கி. லாரி வரப் பத்து நிமிஷம் இருக்கும்போது வரிசையில் உள்ள பெண்கள் ஒவ்வொருவராக வந்து அந்தச் சுவரை ஒட்டி உட்காருவார்கள். மூணாவது வீட்டு லட்சுமி பேசினால் அவள் புருஷனுக்கே கேட்காது. அப்படிப்பட்டவளையும் அக்கா விடமாட்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் குந்து. கண்ணு செவக்கவேல்ல."

"தல பாரமா கீதுக்கா."

"அதான். ஏறிகினு கீது. ஆங், இப்ப போ. குடத்த முன்னாடி வெய்யி, வாய அப்பால தொற."

லட்சுமி எழுந்து போவாள். அடுத்த சந்துக்காரர்களை ஒரு வார்த்தை விடாமல் திட்டித் தீர்த்து ஆறு குடம் தண்ணீரோடு திரும்பி வருவாள். வந்து தலையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் படுத்துக்கொள்வாள். கோபம் இறங்குகிறது என்பாள் அக்கா.

அந்தச் சுவருக்கு இன்னும் சில பெருமைகள் உண்டு. அதில் பல்லி ஏறாது. கரப்பான் பூச்சி அந்தப் பக்கம் வந்தால் மல்லாந்து கிடக்கும். தொட்டால் கையில் செம்பொடி ஒட்டும். "பாத்தியா, பூச்சிக்கே தெரிது இது இன்னா கலர்னு. நம்ம வாத்தியாருங்களுக்குத் தெரில" என்பாள்.

அவள் பாய் விரிப்பது அந்தச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி. நெற்றியைச் சுற்றி எப்போதும் ஈரத்துண்டு. பதினோரு வருஷமாகத் தலைவலி. அந்தத் தலைவலியோடுதான் கேபிள் டிவிக்காரனை ஏணியிலிருந்து இறங்க விடாமல் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தாள். ரேஷன் கடையில் கோதுமையில் கல் இருந்ததற்கு அந்தக் கல்லைத் தனியாக எடை போடச் சொன்னாள். மாதா கோயிலுக்குள் புதிதாகச் சந்தனக் கலர் அடித்தபோது பங்குச் சாமியாரையே மறித்துக்கொண்டாள்.

"சாமி, இந்தக் கலருல பாவத்தச் சொல்ல வரமாட்டேங்குது. கல்யாண ஆல் மாதிரி கீது. ஒரு ஓரமாவுது சாம்பல் அடிங்க."

"பாவம் இல்லேன்னா சந்தோஷப்படணும்மா."

"பாவம் இல்லேன்னு யாரு சொன்னா? சொல்ல வரலன்னு சொன்னேன்."

இவ்வளவு கோபக்காரியோடு அவள் வீட்டுக்காரர் எப்படிக் குடித்தனம் செய்தார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. இருபது வருஷம் கப்பலின் வயிற்றுக்குள் உட்கார்ந்து சுத்தியலால் இரும்பைத் தட்டிய காது. இடது காது முழுக்கப் போயிருந்தது, வலது காதில் காலே அரைக்கால் மிச்சம். அவரிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் வலது பக்கம் குனிந்து கத்த வேண்டும். அக்கா திட்டும்போது அவர் சிரித்த முகமாக டீயை உறிஞ்சிக்கொண்டிருப்பார். அந்தச் சந்திலேயே நிம்மதியான புருஷன் அவர்தான்.

என் அப்பா செத்த தகவல் அரக்கோணத்திலிருந்து வந்தபோது எல்லாம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. போய் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று போகவில்லை. அன்றைக்கு அக்கா என்னைச் சாம்பல் சுவரைப் பார்த்து உட்காரவைத்தாள். உட்கார்ந்தேன். வெங்காயம் நறுக்கினாள், குழம்பைக் கொதிக்கவைத்து இறக்கினாள். நான் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து ஸ்டூலை என்னோடு சேர்த்து இழுத்துப் பச்சைப் பக்கம் திருப்பினாள்.

"அழுவ வரலன்னா மறந்துடு. ரெண்டுல ஒண்ணு பண்ணு. நடுவுல குந்தினுகீறது ஒடம்புக்கு ஆவாது."

அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். வாரப் பத்திரிகை கிடைத்தால் என்னைப் படிக்கச் சொல்வாள். ஒரு தடவை அதில் வீட்டுச் சுவர்களின் வண்ணமும் மனநிலையும் என்று இரண்டு பக்கத்துக்குக் கட்டுரை வந்திருந்தது. படித்தேன். வெளிர் நீலம் மனதை அமைதிப்படுத்தும். இளம் பச்சை கண்ணுக்கு ஓய்வு தரும். எலுமிச்சை மஞ்சள் கற்பனையைத் தூண்டும். எழுதுகிறவர்கள், பாடுகிறவர்கள் வேலை செய்யும் அறைக்கு ஏற்றது. அக்கா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"வெளிர் நீலம்னா?"

"நீலத்துல வெள்ளய நெறய கலந்தது."

"தண்ணி ஊத்தின பால் மாரி. செரி. சாம்பலுக்கு இன்னா போட்டுகீது?"

"சாம்பல் இல்லக்கா."

"இல்லியா? சாம்பல் இல்லாத வூட்ல மனுசன் எங்கடா போய் அழுவான்?" முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "இத்த எழுதினவங்க வூட்ல பாத்ரூம் உள்ளயே இருக்கும். அங்க போய் அழுவாங்க."

அவளுடைய விஞ்ஞானத்தில் இன்னொரு விதி இருந்தது. பின்னால் வரப்போகிற தொல்லைக்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் சொல்லிவிடுகிறேன். ஒரு சுவரில் அடித்த கலர் எப்போதும் போகாது. மேலே வேறு கலர் அடித்தால் அது அடியில் பதுங்கிக்கொண்டிருக்கும். யாராவது புதிதாகக் குடிவந்தால், முன்னால் இருந்தவர்கள் என்ன கலர் அடித்திருந்தார்கள் என்று நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர்களோடு பேசுவாள்.

எங்கள் வரிசையில் ஐந்தாவது வீட்டில் அந்தோணி இருந்தான். சாவு வீடுகளில் கானா பாடுகிறவன். அந்தப் பக்கத்தில் கானா பாடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மற்றவர்கள் இருக்கிற பாட்டில் செத்தவர் பேரை நுழைத்துப் பாடுவார்கள். அந்தோணி ஒவ்வொரு சாவுக்கும் புதிதாகக் கட்டுவான். செத்தவர் எந்தக் கடையில் டீ குடித்தார், எந்தப் பல் விழுந்திருந்தது என்பதுவரை விசாரித்து வைத்துக்கொண்டு பாடுவான். டோல்கேட்டிலிருந்து புளியந்தோப்பு வரைக்கும் ஆள் வந்து கூட்டிப்போவார்கள். அப்பனோடு சண்டை போட்டுப் பேசாமலிருந்த மகன்கள் இவன் பாட்டைக் கேட்டுத் தரையில் விழுந்து புரண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அவனுக்குக் கல்யாணம் ஆனது. ஸ்டெல்லா காசிமேட்டுப் பெண். அம்மா மீன் விற்கிறவள். ஸ்டெல்லா பத்தாவது வரை படித்தவள், பத்திரிகை படிக்கிறவள். வந்ததும் அழுக்கு வெள்ளையாக இருந்த வீட்டுக்குக் கடையில் வாங்கின பெயிண்ட்டில் லேசான ரோஸ் அடிக்கவைத்தாள். வீடு சர்பத் மாதிரி ஆனது. அந்தோணி வேளைக்குச் சாப்பிட்டான், சட்டைக்கு இஸ்திரி போட்டான், சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பொண்டாட்டிக்குப் பூண்டு உரித்துக் கொடுத்தான். ஆறு மாசம் இப்படிப் போனபிறகு ஒருநாள் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, பாட்டு வரமாட்டேங்குது."

"சாம்பலாண்ட குந்து."

"குந்திப் பாத்துட்டேன்க்கா. போன வாரம்கூட வந்து குந்தினேனே. செத்தவன நெனச்சா அவன் நல்லா இருந்ததுதான் ஞாபகத்துக்கு வருது. நேத்து ஒரு சாவுல பாடினேன், கெழவி ஒருத்தி சிரிக்கிறா. 'தம்பி, ஜோரா கீது, ஒன்ஸ்மோர்'ங்கிறா. பேரு கெட்டுப்போச்சுக்கா."

"ரோஸ்ல தூங்கி எழுந்து வந்து பத்து நிமிசம் சாம்பலப் பாத்தா ஆவுமா? உன் வூட்ல சாம்பல் அடி."

"அப்ப மாமாவக் குடுக்கச் சொல்லு."

அக்காவின் வீட்டுக்காரர்தான் எல்லோருக்கும் மாமா. அவரிடம் அந்த வருஷம் சாம்பல் இல்லை. வந்த கப்பல் எல்லாம் அடிப்பாகம் மட்டும் அடித்துக்கொண்டு போனது. இருந்தது சிவப்புதான், இரண்டு டப்பா.

"செவப்பே குடுக்கா. சோகம் வராட்டிப் போவுது. கோவம் வந்தாக்கூடப் போதும், எமன் மேல கோவமாப் பாடிடறேன்."

"புச்சாக் கட்டிகினவன் வூட்ல செவப்பு ஆவாது. ரெண்டு பேரையும் பிரிச்சிடும். போ."

அக்கா அத்தோடு வேளாங்கண்ணிக்குப் போய்விட்டாள். வருஷா வருஷம் போகிறதுதான். நாலு நாள். அந்தோணி அடுத்த நாளே மாமாவின் வலது காதில் கத்தினான். மாமாவுக்கு ஒரே சந்தோஷம். அவர் வாய் திறந்து இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"இருக்கறதுலயே காஸ்ட்லி பெயிண்ட்டு இதான்ப்பா. கப்பலு உப்புத் தண்ணில கெடக்குது, அதுக்கே ஒண்ணும் ஆவல. நம்ம சுவத்துல ஓதம் ஏறுமா?"

நியாயமான பேச்சு. எங்கள் சந்தில் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு எல்லாச் சுவரிலும் உப்புப் பூத்துக் காரை உதிரும். அதனால்தான் மாமா மற்ற கலரையெல்லாம் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டு, ஒசத்தியான சிவப்பை மட்டும் தன் வீட்டுக்கென்று வைத்திருந்து, வருஷத்துக்கு ஒரு கை புதிதாக அடித்துக்கொண்டிருந்தார். அந்தோணிக்கு மனதாரக் கொடுத்தார். கூட நின்று அடித்தும் கொடுத்தார். மழைக்காலம். ஜன்னல் இல்லாத வீடு. இரண்டு சுவர் முழுக்க.

ஸ்டெல்லா அப்போது ஐந்து மாசம். மூன்றாம் நாள் வாந்தி ஆரம்பித்தது. கர்ப்பம் என்றார்கள். கண் எரிகிறது என்றாள். மழை என்றார்கள். தலை வெடிக்கிறது என்று பாத்திரத்தைத் தூக்கி அந்தோணி மேல் போட்டாள். அதற்கு மட்டும் யாரும் மழை என்று சொல்லவில்லை, எல்லோரும் சிவப்புச் சுவரைப் பார்த்தார்கள். அக்கா ஊரிலிருந்து வந்து இறங்கிய காலையில் ஸ்டெல்லா அம்மா வீட்டுக்குப் போக ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னேனா இல்லியா?" என்றாள் அக்கா, கையில் வேளாங்கண்ணி எண்ணெய்ப் பாட்டிலோடு.

அவளுக்கு அதைவிட நல்ல காலம் எப்போதும் இருந்ததில்லை. அக்கா சொன்னது பலித்தது என்று சந்து சந்தாகப் பேச்சுப் பரவியது. கல்மண்டபம் பக்கத்திலிருந்தெல்லாம் வீடு கட்டுகிறவர்கள் வந்தார்கள். எல்லோரையும் சுவர் பார்க்க உட்காரவைத்துக் கலர் சொல்லி அனுப்பினாள். அந்தோணி ரோஸ் வாங்கிச் சிவப்பின் மேல் அடித்துவிட்டுக் காசிமேட்டுக்குப் போய்க் கூப்பிட்டான். ஸ்டெல்லாவின் அம்மா வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்.

"மேல அடிச்சா? அடியில இருக்கிறது எங்க பூடும்? உங்க அக்கா சொல்றதுதானே இது. கொயந்த பொறந்தாலும் அந்த வூட்டுக்கு அனுப்ப மாட்டேன். நீ ஆம்பள, எங்கனா இருந்துக்கோ."

இதில் அந்தோணிக்குப் பாட்டு வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆற்றில் வெள்ளம் மாதிரி வந்தது. அந்த மாசம் அவன் பாடிய சாவுகளில் செத்தவரின் எதிரிகள்கூட அழுதார்கள். திரும்பி வந்து ரோஸ் வீட்டில் குப்புறப் படுத்துக் கிடப்பான். "பாட்டு கீது. அத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது?" என்பான்.

அந்தச் சமயத்தில் ஐஸ் வேலை இல்லாமல் நானும் மாமாவோடு துரு தட்டப் போனேன். இரண்டாம் வாரம் சிவப்பு அடிக்கிற வேலை வந்தது. சாப்பாட்டு நேரத்தில் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பீடி பற்றவைத்தேன். மேஸ்திரி ஓடிவந்து தட்டிவிட்டார்.

"டேய், சோப்பு போடுடா! அந்தக் கையோட வாயில வெக்காத. கப்பலு அடியில சிப்பி ஒட்டாம இருக்க வெஷம் கலந்த பெயிண்ட்டு. சிப்பியே செத்துப்பூடுது, நீ எம்மாத்திரம்?"

"இத்த வூட்ல அடிச்சா இன்னா ஆவும்?"

"வூட்லயா? எவன்டா இத்த வூட்ல அடிப்பான்? ஒவ்வொரு தபாவும் தொண்ட கிழியச் சொல்றேன், எவனும் கேக்கறதில்ல."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் பத்தடி தள்ளி, மேஸ்திரிக்கு இடது காதைக் காட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா சிவப்புச் சுவர் ஓரம் பாயில், தலையில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை மஞ்சள் பக்கம் தள்ளினாள். ஏதோ கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்தாள். நான் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். பல்லி, கரப்பான், லட்சுமியின் தலைபாரம், ஸ்டெல்லாவின் வாந்தி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அக்கா மாமாவின் வலது காதில் குனிந்தாள்.

"அந்த செவப்பு வெஷமாமே?"

"காஸ்ட்லி பெயிண்ட்டு" என்றார் மாமா.

அவள் சுவரை விரலால் தொட்டு, ஒட்டிய பொடியைப் பார்த்தாள். ஸ்டெல்லாவைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டாள், ஆனால் இரண்டாவதாக. முதலில் கேட்டது இது.

"ஏன்டா, அப்ப பதினோரு வருசமா நான் போட்ட சண்டயெல்லாம் யாரு போட்டது?"

எட்டாவதுவரை படித்தவனிடம் கேட்கிற கேள்வியாக அது இல்லை.

இரண்டு நாள் சாம்பல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கலர் கேட்க வந்தவர்களை நான்தான் திருப்பி அனுப்பினேன். மூன்றாம் நாள் காலையில் நல்ல புடவை கட்டிக்கொண்டு, "வா, காசிமேட்டுக்கு" என்றாள். அவள் தன் வாயால் 'நான் சொன்னது தப்பு' என்று சொல்லி அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வழியெல்லாம் ஆட்டோவில் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். ஜெபம் என்று நினைத்தேன். அந்த வாக்கியத்தைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஸ்டெல்லாவின் அம்மா வஞ்சிர மீன் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிந்து, கன்னம் கொஞ்சம் வைத்திருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து, மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் சொன்னாள்.

"நான் சொன்னது தப்பு. கலர் ஒண்ணும் பண்ணல. எங்க வூட்டுக்காரு குடுத்த பெயிண்ட்டுல வெஷம் கீது. அத்தால வந்த வாந்தி, அத்தால வந்த கோவம். நீயும் அவனும் அடிச்சிகினதுக்கு வேற காரணம் இல்ல. வூட்டுக்கு வா."

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். அவள் கண்ணில் தண்ணீர்.

"இன்னா மனசுடி இந்தப் பொம்பளைக்கு! எங்களச் சேத்து வெக்கணும்னு கட்டின புருசன் மேலயே பழியப் போடுது பாரு."

"பழி இல்லம்மா. நெசம். இவன் ஹார்பர்ல கேட்டுகினு வந்தான்."

"அக்கா" என்றாள் ஸ்டெல்லா பொறுமையாக, பத்தாவது படித்தவள் படிக்காதவருக்கு விளக்குகிற குரலில். "நீ ஊர்ல இல்லாதப்போ, நீ வேணாம்னு சொன்னத மீறித்தானே அடிச்சாரு? நீ சொன்னா மாரிதானே ஆச்சு? இப்ப எனுக்காக மாத்திப் பேசாத. செவப்புதான்க்கா. எனுக்குத் தெரியும். நான்தான் அதுல இருந்து பாத்தேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மேஸ்திரி சொன்னதைச் சொன்னேன். ஸ்டெல்லாவின் அம்மா என்னை, அக்காவிடம் தினமும் டீ வாங்கிக் குடிக்கிறவன் வேறு எதைச் சொல்வான் என்கிற மாதிரி பார்த்தாள். மீன் துண்டு மறுபடி விழ ஆரம்பித்தது.

அக்கா சுற்றும் முற்றும் பார்த்தாள். திரும்பி உட்கார அந்த வீட்டில் சரியான சுவரே இல்லை. மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் நீலத் தார்ப்பாய். பிறகு நெற்றித் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். குரல் பழைய குரல் ஆனது.

"செரி. செவப்புதான். நல்லாக் கேட்டுக்கோ. மேல அடிச்சது செல்லாது. அடியோட சொறண்டி எடுத்து, சிமிட்டி தெரியிற வரைக்கும் கயுவி, அதுக்கு மேல மஞ்சா அடிக்கிறேன். மஞ்சா வூட்ல கொயந்த நல்லாத் தூங்கும். மஞ்சாவுக்கு நான் பொறுப்பு. ஞாயித்துக்கெழம கோயில்ல பூச முடிஞ்சி வந்து உன்னக் கூப்ட்டுகினு போவேன். துணிய மடிச்சி வெய்யி."

"செரிக்கா" என்றாள் ஸ்டெல்லா. அவ்வளவுதான். அம்மா எங்களுக்கு இரண்டு துண்டு வஞ்சிரம் கட்டிக் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அக்காவின் உதடு அசையவில்லை.

மேஸ்திரியிடம் கேட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு நானும் அந்தோணியும் மாமாவும் ஐந்தாவது வீட்டுச் சுவரைச் சுரண்டினோம். கப்பலில் துரு தட்டுகிற அதே சுத்தியல், அதே உளி. சுரண்டியதைக் கோணியில் கட்டி ஹார்பர் ஆட்களிடமே கொடுத்தோம். கடையில் வாங்கின மஞ்சள் இரண்டு பூச்சு. ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா வந்தாள். மூன்று மாசம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. அது ராத்திரி முழுக்கக் கத்தியது. மஞ்சளைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. அந்தோணியின் பாட்டு மறுபடி சுமாராகிவிட்டது. இருக்கிற பாட்டில் பேரை நுழைக்கப் பழகிக்கொண்டான்.

அக்கா தன் வீட்டுச் சிவப்பையும் சுரண்டச் சொன்னாள். அந்த இடத்தில் வேறு எதையும் அடிக்கவில்லை. வெறும் சிமென்ட். ஒரு மாசத்தில் பல்லி ஏறியது. இன்னும் கொஞ்ச நாளில் அக்கா நெற்றித் துண்டை அவிழ்த்துக் கொடியில் போட்டாள். அது திரும்ப அவள் தலைக்கு ஏறவில்லை. துண்டுக்கு அடியில் அவளுக்கு இவ்வளவு அகலமான நெற்றி இருந்தது எங்களுக்குத் தெரியாது.

பெண்கள் வருவது நிற்கவில்லை. விஷம் என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். கேட்டுக்கொண்டு, லாரி வருகிற நேரத்துக்கு வந்து, அந்த வெறும் சிமென்ட்டைப் பார்த்து உட்கார்ந்தார்கள். "செவப்பு இருந்த எடம்தானேக்கா" என்றாள் லட்சுமி. பத்து நிமிஷம் கழித்துக் கண் சிவந்து எழுந்து போய் ஆறு குடத்தோடு வந்தாள். தலைவலி மட்டும் இல்லை. சண்டை போட வராதவள் அக்காதான். வரிசையில் யாராவது முந்தினால், "போ, போ, உனுக்கு அவசரம் போல" என்று வழிவிட்டு நின்றாள். கேபிள்காரன் இரண்டு சேனலைக் குறைத்தான். கேட்கவில்லை. சந்துக்கு அது பெரிய நஷ்டம். மாமாதான் அடிக்கடி அவள் வாயைப் பார்த்துக் குழம்புவார். முன்பு திறந்து மூடிக்கொண்டிருந்தது இப்போது சும்மா இருந்தது.

எனக்குத் தூத்துக்குடிப் பக்கம் வேலை வந்தது. கிளம்புகிற அன்றைக்குப் பையை வாசலில் வைத்துவிட்டுச் சொல்லிக்கொள்ள உள்ளே போனேன். அக்கா அடுப்பில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். பழக்கத்தில், அவள் என் முகத்தைப் பார்த்துச் சுவரைச் சொல்லட்டும் என்று நின்றேன். அவள் பார்த்தாள். ஸ்டூல் அறைக்கு நடுவில் கிடந்தது. அதைக் காலால் தள்ளவில்லை.

"எங்க வேணா குந்துடா" என்றாள்.

சாம்பலைப் பார்த்தேன், பச்சையைப் பார்த்தேன், மஞ்சளைப் பார்த்தேன், சிமென்ட்டைப் பார்த்தேன். பிறகு நின்றுகொண்டே டீயைக் குடித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.